சப்வூஃபர் மக்கர் செய்கிறதா? கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஹோம் தியேட்டர் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் எனக்குத் தொழில். அதில் பேஸ் எனும் கனத்த அடி ஒலியை மட்டும் தரும் பெட்டிதான் சப்வூஃபர், சுருக்கமாகச் சப். "அண்ணே, சப் போயிடுச்சு, வந்து பாருங்க" என்று கூப்பிட்ட வீடுகளில் பாதிக்கு மேல் சப்வூஃபரில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. ரிசீவரில் (டிவி, செட்டாப் பாக்ஸ் ஒலியை வாங்கி எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) யாரோ ஒரு செட்டிங்கை மாற்றியிருப்பார்கள். கேபிள் டிவி ஒயர் வழியாக உறுமல் ஏறியிருக்கும். இல்லாவிட்டால் சோபா போட்ட இடம் சரியிருக்காது. நான் போவதற்குள் சிலர் பெட்டியைத் திறந்து கை வைத்திருப்பார்கள். சிலர் பழசைத் தள்ளிவிட்டுப் புதுசே வாங்கியிருப்பார்கள், புதுசிலும் அதே உறுமல் வந்துகொண்டிருக்கும். அந்தக் காசு வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவே இல்லாத சோதனை முதலில் வரும், காசு பிடிக்கும் வேலை கடைசியில் வரும். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போங்கள். ஆனால் அதற்கு முன் கீழே உள்ள ஃபோன் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள்.

இந்தக் குறிப்பு, உள்ளேயே ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) இருந்து தனியாகக் கரண்ட் ஒயர் போகும் பவர்டு சப்களுக்கானது. பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செட்டோடு வந்த பெட்டியை, புது ரிசீவரின் சப்வூஃபர் அவுட்டில் மாட்டிவிட்டு சத்தம் வரவில்லை என்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டிக்குள் ஆம்ப் கிடையாது. ரிசீவரின் அந்த அவுட்டிலும் பவர் வராது, வெறும் சிக்னல்தான். இரண்டையும் இணைக்க நடுவில் தனி ஆம்ப் வேண்டும்.

## எதற்கும் முன்: ஃபோன் சோதனை

ஒரு முனையில் ஹெட்ஃபோன் பின்னும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்னும் உள்ள கேபிள் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். ஃபோனில் ஹெட்ஃபோன் ஓட்டை இல்லையென்றால் டைப்-சி கன்வர்ட்டர் போதும். லேப்டாப்பும் ஆகும், ஆனால் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

சப்பின் பின்னால் ரிசீவரிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்குங்கள். வால்யூமைக் கால் பங்கில் வையுங்கள். ஃபோன் கேபிளின் ஒரு பின்னை சப்பில் செருகுங்கள். இலவசமாகக் கிடைக்கும் டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 40 ஹெர்ட்ஸ் வைத்து ஓட்டுங்கள். ஃபோனின் சொந்த ஸ்பீக்கரில் 40 ஹெர்ட்ஸ் காதில் விழாது, அதைப் பார்த்து ஆப் ஓடவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

கோன் (ஸ்பீக்கரின் முன்னால் தெரியும் கூம்பு) அதிர்ந்து தரை வழியாகக் காலில் ஏறினால் சப் நன்றாக இருக்கிறது. கோளாறு ரிசீவரிலோ, கேபிளிலோ, டிவியிலோ, அறையிலோ இருக்கிறது. அதிராவிட்டால்தான் சப்பைச் சந்தேகப்பட வேண்டும். இந்த ஐந்து நிமிஷச் சோதனையைச் செய்யாமல் நான் எந்தப் பெட்டியிலும் ஸ்க்ரூ டிரைவர் வைப்பதில்லை.

## சத்தமே வரவில்லை

### விளக்கே எரியவில்லை

அந்த பிளக் பாயிண்டில் ஃபோன் சார்ஜரைச் செருகி கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். பிறகு சப்பின் பின்பக்கம். அங்கே பெரும்பாலும் இரண்டு சுவிட்ச் இருக்கும். ஒன்று மெயின், இன்னொன்று ஆட்டோ. வீடு துடைக்கும்போது மாப் பட்டு மெயின் அணைந்துபோவது சாதாரணமாக நடக்கும். கரண்ட் ஒயர் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால் நன்றாக அழுத்தி விடுங்கள். பல சப்களில் கம்ப்யூட்டர் மானிட்டருக்கு வரும் அதே மூணு பின் ஒயர்தான். மானிட்டர் ஒயரை மாட்டிப் பார்த்தால் ஒயர் கோளாறா என்பது தெரிந்துவிடும்.

அடுத்து ஃபியூஸ். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே தொடுங்கள். ஒயர் செருகும் இடத்தை ஒட்டிச் சின்ன டிராயர் மாதிரி ஒன்று இருக்கும், நகத்தால் நெம்பினால் வரும். உள்ளே கண்ணாடிக் குழல். அதற்குள் கம்பி அறுந்திருந்தாலோ கண்ணாடி கறுத்திருந்தாலோ ஃபியூஸ் போயிருக்கிறது. பெட்டியில் அச்சடித்திருக்கும் அதே ஆம்பியரில், அதே வகையில் வாங்குங்கள். ஆம்பியருக்கு முன் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது மெதுவாக உருகும் வகை. அந்த இடத்தில் வேறு வகை போட்டால் ஆன் செய்த வேகத்திலேயே போய்விடும்.

புது ஃபியூஸும் உடனே போனால் அதோடு நிறுத்துங்கள். இன்னும் பெரிய ஆம்பியர் போடுவது, செப்புக் கம்பி சுற்றுவது, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளை மடித்து வைப்பது எல்லாம் பெட்டிக்குத் தீ வைக்கிற வேலை. உள்ளே ஏதோ ஷார்ட் ஆகியிருக்கிறது, டெக்னீஷியன்தான் பார்க்க வேண்டும். இப்போதைய சப்களில் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் வகை பவர் சப்ளை (பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை). அதிலுள்ள பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் அது அப்படியே இருக்கும். பழக்கமில்லாதவர்கள் பின்பலகையைக் கழற்றக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

ஒரு முறை இப்படி ஃபியூஸ் மேல் ஃபியூஸாகப் போன பெட்டி வந்தது. பலகையைத் திறந்தால், டிரான்ஸ்ஃபார்மர் சூட்டுக்கு ஒதுங்கிய சின்னப் பல்லி ஒன்று இரண்டு சோல்டர் புள்ளிகளுக்கு நடுவே கருகிக் கிடந்தது. அது எரித்த இரண்டு பாகங்களை மாற்றியதும் பெட்டி சரியாகிவிட்டது. சப்பின் பின்னால் பல்லி எச்சம், எறும்பு வரிசை, கரப்பான் நடமாட்டம் கண்ணில் பட்டால் டெக்னீஷியனிடம் அதையும் சொல்லுங்கள்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சப் என்றால், முதல் தடவை ஆன் செய்வதற்கு முன்பே பின்னால் வோல்டேஜ் என்ன என்று படியுங்கள். அங்கே 120 வோல்ட், நமக்கு 230. சிலவற்றில் மாற்றும் சுவிட்ச் இருக்கும். இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகக் கூடாது.

### விளக்கு சிவப்பிலேயே நிற்கிறது, நினைத்தால்தான் விழிக்கிறது

ஆட்டோ ஆன் செய்யும் வேலை இது. சிக்னல் ஓரளவு வலுவாக வந்தால்தான் சப் விழிக்கும். ராத்திரி குழந்தை தூங்குகிறது என்று வால்யூமைக் குறைத்துப் படம் பார்த்தால், சப் நமக்கு வேலையில்லை என்று படுத்துவிடும்.

ஆட்டோவை 'ஆன்' நிலைக்கு மாற்றிவிடுவது எளிய வழி. ஆட்டோ வேண்டும் என்றால், ரிசீவர் மெனுவில் சப் லெவலை 4, 5 டெசிபல் ஏற்றுங்கள். அதே அளவுக்குச் சப்பின் பின்னால் உள்ள வால்யூமைக் குறையுங்கள். கேட்கும் சத்தம் மாறாது, சப்புக்கு வரும் சிக்னல் மட்டும் வலுவாகும். பல சப்களில் ஆட்டோ சர்க்யூட் வால்யூம் குமிழுக்கு முன்னால் இருப்பதால் இது பலிக்கும்.

### விளக்கு பச்சையோ நீலமோ எரிகிறது, ஆனாலும் மௌனம்

ஃபோன் சோதனையில் சப் பாடியதா? அப்படியென்றால் ரிசீவருக்குப் போங்கள். ஸ்பீக்கர் செட்டப்பில் சப்வூஃபர் 'நோ' அல்லது 'நன்' என்று இருக்கலாம். கரண்ட் போய் வந்ததும் சில ரிசீவர்கள் பழைய செட்டிங்கை மறந்துவிடும். ஃப்ரண்ட் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' என்று இருந்தால் பேஸ் முழுக்க அவற்றுக்கே போகும், பாட்டு கேட்கும்போது சப் சும்மா இருக்கும். 'ஸ்மால்' என்று மாற்றி கிராஸ்ஓவரை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். இவ்வளவு பெரிய ஸ்பீக்கரை ஸ்மால் என்று சொல்வதா என்று பலர் தயங்குவார்கள். அந்தச் சொல்லுக்கு ஸ்பீக்கரின் உயரத்தோடு சம்பந்தமில்லை. கனமான பேஸை சப்புக்கு அனுப்பு என்பதுதான் பொருள். 'ப்யூர் டைரக்ட்' பட்டனை அமுக்கியிருந்தாலும் பல ரிசீவர்களில் சப் நின்றுவிடும்.

பாட்டில் சப் ஒழுங்காக ஓடுகிறது, படத்தில் குண்டு வெடித்தால் மட்டும் பட்டாசு வெடித்தது மாதிரி இருக்கிறது என்றால் டிவியைப் பாருங்கள். டிவியின் ஆடியோ அவுட்புட் 'பிசிஎம்' என்று இருந்தால், 5.1 ஒலி (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்புக்கானது) டிவிக்குள்ளேயே இரண்டு சேனலாகச் சுருங்கிவிடும். அப்படிச் சுருக்கும்போது சப்புக்கென்றே தனியாக வரும் எல்எஃப்இ சேனலைப் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்றியதும் வித்தியாசம் வயிற்றில் தெரியும். ரிசீவரிலோ செட்டாப் பாக்ஸிலோ பெரிய சத்தங்களை அடக்கும் 'நைட் மோட்' ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃபோன் சோதனையிலும் மௌனம் என்றால் கோளாறு ஆம்பிலா, டிரைவரிலா (கோனோடு சேர்ந்த ஸ்பீக்கர்) என்று பிரிக்க வேண்டும். கரண்ட்டைப் பிடுங்குங்கள். முன்பக்கமாக ஸ்க்ரூவைக் கழற்றி டிரைவரை மட்டும் மெல்ல வெளியே எடுத்து, அதன் இரண்டு ஒயர்களையும் விடுவியுங்கள். பின்பலகையை இதற்குத் தொடத் தேவையில்லை. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து டிரைவர் முனைகளில் வையுங்கள். 4 ஓம் டிரைவர் 3 முதல் 3.6 வரை காட்டும், 8 ஓம் டிரைவர் 5.5 முதல் 7 வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) அறுந்திருக்கிறது. மீட்டர் இல்லையென்றால் 1.5 வோல்ட் பென்சில் செல்லில் இரண்டு சின்ன ஒயர் பிடித்து ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் 'தப்' என்று லேசாகத் துள்ளினால் டிரைவர் உயிரோடு இருக்கிறது, ஆம்ப்தான் போயிருக்கிறது. இதற்கு மேல் கடையின் வேலை.

## 'ம்ம்ம்' என்று ஓயாமல் உறுமுகிறது

எனக்கு வரும் அழைப்புகளில் இதுதான் அதிகம். வரிசையாகச் செய்தால் பெரும்பாலான வீடுகளில் அரை மணி நேரத்தில் காரணம் அகப்படும். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் நாள் முழுக்கத் தேடலாம்.

### சிக்னல் கேபிளைப் பிடுங்கியும் உறுமுகிறது

சப்பில் கரண்ட் ஒயரைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. இப்போது காதைக் கோனுக்கு அருகே வையுங்கள், பிறகு பின்பலகைக்கு அருகே வையுங்கள். உறுமல் பின்பலகையிலிருந்து வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வு. அப்போது வீடு இன்வெர்ட்டரில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சப்கள் இப்படித்தான் முனகும். கரண்ட் வந்ததும் அடங்கினால் சப்பில் குறையில்லை, அந்தப் பாயிண்டை இன்வெர்ட்டர் லைனிலிருந்து விலக்கிவிடுங்கள்.

கோனிலிருந்து வந்தால், பக்கத்துச் சுவரில் வேறு பாயிண்டில் செருகிப் பாருங்கள். எங்கே செருகினாலும் அதே உறுமல் என்றால் உள்ளே ஃபில்ட்டர் கெபாசிட்டர் சோர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பல வருஷம் ஓடிய சப்களில் இது வரும். பெரிய செலவு பிடிக்காத வேலைதான், ஆனால் உள்ளே கை வைக்கிற வேலை என்பதால் டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

### கேபிளைப் பிடுங்கினால் அடங்கிவிடுகிறது

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. ஒரு முனை சப்பில், மறுமுனை எதிலும் சேராமல் அந்தரத்தில் தொங்கினால், நல்ல கேபிளும் உறுமும். ஆன்டெனா மாதிரி அது சுற்றியுள்ள கரண்ட்டைப் பிடிக்கிறது. அதைப் பார்த்துவிட்டு விலை உயர்ந்த கேபிள் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். எப்போதும் சப் பக்கத்து முனையைப் பிடுங்கிச் சோதியுங்கள்.

கேபிளை இரண்டு பக்கமும் செருகிவிட்டு, பின்களைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். ஆட்டும்போது உறுமல் எகிறினால் வெளிச்சுற்று ஷீல்டு விட்டுப்போயிருக்கிறது, கேபிளை மாற்றுங்கள். கேபிள் நன்றாக இருந்தால் ரிசீவரோடு சேர்ந்திருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். டிவியின் எச்டிஎம்ஐ, செட்டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர், எல்லாமே. சப்பும் ரிசீவரும் மட்டும் இருக்கும்போது அமைதி வந்துவிட்டதா? இனி ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டியதும் உறுமல் ஏறுகிறதோ அதுதான் வழி.

நான் பார்த்த வரையில் பெரும்பாலும் அது செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகும் கறுப்பு கோ-ஆக்சியல் ஒயர்தான். பெட்டியில் பவர் இருக்கும்போதே அந்த ஒயரை மட்டும் கழற்றினால் பட்டென்று நிற்கும். தெருவிலிருந்தோ மொட்டை மாடியிலிருந்தோ வரும் ஒயர் ஒரு பூமியைத் தொடுகிறது, வீட்டு எர்த் இன்னொரு பூமியைத் தொடுகிறது. இரண்டுக்கும் இடையே ஓடும் சின்னக் கரண்ட்தான் சப்பில் உறுமலாக வருகிறது.

கேபிள் டிவி என்றால் சிக்னலை விட்டுவிட்டு அந்தக் கரண்ட்டை மட்டும் தடுக்கும் கோ-ஆக்சியல் ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் போட்டால் முடிந்தது. டிடிஎச் டிஷ்ஷுக்கு இது ஆகாது. டிஷ்ஷில் உள்ள எல்என்பிக்கு (சிக்னலைப் பிடிக்கும் முனை) அதே ஒயர் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் போகிறது, ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிடும், படமே வராது. டிடிஎச் வீடுகளில் டிஷ் கம்பத்தை வீட்டு எர்த்தோடு எலெக்ட்ரீஷியனை வைத்து முறையாகச் சேர்ப்பதுதான் சரி. அது முடியாதபோது சப் கேபிளின் நடுவே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். ஆனால் காருக்கு விற்கும் மலிவு வகைகளில் அடி பேஸ் கரைந்துவிடும். போட்ட பிறகு 25 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, முன்பு கேட்ட அளவுக்குக் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவியைக் கழற்றினாலும் உறுமல் போகவில்லையா? சப்பையும் ரிசீவரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வீட்டு எர்த்தைச் சோதிக்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மூணு பின் சாக்கெட் இருந்தும் எர்த் ஒயரே இழுக்காத பழைய வீடுகள் நிறைய உண்டு.

எர்த் பின்னை உடைத்தாலோ, இரண்டு பின் அடாப்டர் போட்டாலோ உறுமல் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், நிற்கும். அதற்குப் பிறகு உள்ளே ஒரு ஒயர் உரசினால் பின்பலகையின் உலோகம் முழுக்க 230 வோல்ட் ஏறும். வீட்டில் தவழும் குழந்தை அதைத் தொடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

## சோபாவில் பேஸ் இல்லை, வாசல்படியில் நின்றால் அதிர்கிறது

சப்பில் குறையே இல்லை. அறைக்குள் பேஸ் அலைகள் சுவரில் முட்டித் திரும்பி, சில இடங்களில் கூடி, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அழிந்த இடத்தில் உங்கள் சோபா இருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் வால்யூமை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் கதவைத் தட்டுவார்.

565 என்ற எண்ணை அறையின் நீளத்தால், அடிக்கணக்கில், வகுத்துப் பாருங்கள். 14 அடி அறைக்கு 40 வரும். அந்த அறையில் 40 ஹெர்ட்ஸை ஒட்டிய பேஸ் நட்டநடுவில் காணாமல் போகும், சுவரோரம் குமுறும். சோபா அறையின் சரிபாதியில் இருந்தால் முதலில் ஒன்றரை இரண்டு அடி பின்னுக்கோ முன்னுக்கோ நகர்த்துங்கள். பல வீடுகளில் இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

சோபாவை நகர்த்த இடமில்லை என்றால் சப்பை நகர்த்துங்கள். எங்கே என்று கண்டுபிடிக்க நான் எப்போதும் செய்வது இது. சப்பைத் தூக்கி, நீங்கள் உட்காரும் அதே இடத்தில் சோபாவின் மேல் வையுங்கள். 12 அங்குல சப் இருபது கிலோவுக்கு மேல்கூட இருக்கும், இரண்டு பேராகத் தூக்குங்கள். தவிலோ பேஸ் கிட்டாரோ தொடர்ந்து நடக்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். இப்போது சப் வைக்க வாய்ப்புள்ள இடங்களுக்கெல்லாம் மண்டியிட்டுப் போய், காது சப்பின் உயரத்தில் இருக்கும்படி கேளுங்கள். டிவி ஸ்டாண்டின் இடப்பக்கம், வலப்பக்கம், ஜன்னலடி, பக்கவாட்டுச் சுவரின் நடுப்பகுதி. ஓரிடத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, ஒரே கனத்தில் கேட்கும். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுச் சப்பை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

வைத்த பிறகு, சப்பின் பின்னால் உள்ள ஃபேஸ் சுவிட்ச். சப்பின் அதிர்வை மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போக வைப்பது இது, கரண்ட் ஃபேஸோடு சம்பந்தமில்லை. ரிசீவர் வழியாக 80 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, ஒருவர் சோபாவில் உட்கார, இன்னொருவர் 0, 180 என்று மாற்றட்டும். எதில் சத்தம் கூடுகிறதோ அதில் விடுங்கள். அதோடு சப்பின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் குமிழைக் கடைசிவரை திருப்புங்கள், எல்எஃப்இ என்ற இன்புட் இருந்தால் அதில் செருகுங்கள். கிராஸ்ஓவர் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்கிறது. இரண்டு பேரும் வெட்டினால் நடுவில் பள்ளம் விழும்.

இடம் மாற்றினால் மைக் வைத்து ஆட்டோ கேலிப்ரேஷனை (ரிசீவர் தானே அறையை அளந்து செட் செய்துகொள்வது) மறுபடி ஓட்ட வேண்டும். அது முடிந்ததும் எட்டு அடியில் இருக்கும் சப்பைப் பதின்மூன்று அடி என்று ரிசீவர் காட்டலாம். சப்புக்குள் இருக்கும் சர்க்யூட்டில் ஒலி தாமதமாவதை அது தூரமாகக் கணக்குப் போடுகிறது. டேப் வைத்து அளந்து திருத்தாதீர்கள், அது சொன்னதுதான் சரி. ஆனால் சப் லெவல் மைனஸ் 12-க்கு இறங்கியிருந்தால், சப்பின் வால்யூமைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பூஜ்யத்துக்கும் மைனஸ் 5-க்கும் நடுவில் வந்தால் திருப்தி.

## எந்தப் பாட்டு போட்டாலும் ஒரே 'கும்'

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. அழிவதற்குப் பதிலாகக் கூடிய இடத்தில் சோபா இருக்கிறது, அல்லது சப் மூலையில் இருக்கிறது. நம் வீடுகளின் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் பேஸை வெளியே விடுவதில்லை, மரப்பலகைத் தடுப்பு வைத்த வீடுகளை விடக் கும்மல் அதிகம். சப்பை மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுங்கள். பின்சுவரோடு ஒட்டிய சோபாவை முக்கால் அடியாவது முன்னுக்குத் தள்ளுங்கள். போர்ட் (காற்று போய்வரும்) ஓட்டை உள்ள சப்பில் பஞ்சு அடைப்பானோ, சுருட்டிய சாக்ஸோ வைத்துப் பாருங்கள். அடி பேஸ் கொஞ்சம் குறையும், ஆனால் அடிகள் தெளிவாகப் பிரியும். பாட்டு அதிகம் கேட்பவர்களுக்கு இந்த மாற்றம் பிடித்துவிடும்.

## கடகட, கரகர

### அறையில் வருகிறதா, பெட்டியில் வருகிறதா

டோன் ஜெனரேட்டரில் 20-இலிருந்து 100 வரை மெதுவாக ஏற்றுங்கள். சத்தம் எந்த எண்ணில் வருகிறதோ அங்கே நிறுத்திவிட்டு அறையைச் சுற்றி ஒவ்வொரு பொருளாகக் கையால் அமுக்குங்கள். கை வைத்ததும் அடங்கினால் அதுதான்.

"சப் கிழிஞ்சிடுச்சுண்ணே, கரகரங்குது" என்று அழைத்த வீட்டில் ஒரு மணி நேரம் தேடினேன். 43-இல் மட்டும் வந்தது, 42-இலும் இல்லை, 45-இலும் இல்லை. கடைசியில் பூஜை அலமாரியில் இருந்த பித்தளைக் குத்துவிளக்கு. உச்சியில் இருக்கும் அன்னத்தின் திருகு அரைச் சுற்று தளர்ந்து, தண்டில் தட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டம்மா விரலால் இறுக்கினார், நின்றுவிட்டது. அவர்கள் அதற்குள் புது டிரைவருக்கு விலை விசாரித்து வைத்திருந்தார்கள்.

ஷோகேஸ் கண்ணாடி, சுவிட்ச் போர்டு மூடி, ஜன்னல் கொக்கி, ஃபால்ஸ் சீலிங் சட்டம், பரணில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம், சுவரில் தொங்கும் காலண்டரின் தகரப் பட்டை, இவையெல்லாம் எனக்குப் பழகிய ஆசாமிகள். கண்ணாடிக்கு ரப்பர் பீடிங், பாத்திரத்துக்கு நடுவில் பழைய துணி.

### பெட்டியில்தான் வருகிறது

முன்வலையைக் கழற்றுங்கள். டிரைவர் ஸ்க்ரூக்களைக் கையால் மட்டும் இறுக்குங்கள். கோனைச் சுற்றியுள்ள விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். நுரை விளிம்பு பத்துப் பதினைந்து வருஷத்தில் உதிரும், ஈரக்காற்று உள்ள கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். விரல் பட்டதும் மாவாக வந்தால் விளிம்பு மாற்ற வேண்டும். ரப்பர் விளிம்பு நெடுநாள் வரும்.

விளிம்பு நன்றாக இருந்தால், கரண்ட்டை அணைத்துவிட்டு இரண்டு கை விரல்களையும் கோனின் எதிரெதிர் பக்கம் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். பட்டுப்போல் போய் வர வேண்டும். மணல் தேய்கிற மாதிரி 'சரக்' என்று கேட்டால் வாய்ஸ் காயில் காந்தத்தில் உரசுகிறது. ரீ-கோன் (கோனையும் காயிலையும் புதிதாக மாற்றும் வேலை) செய்பவரிடம் போக வேண்டியதுதான். நல்ல டிரைவருக்கு அந்தச் செலவு தகும். மலிவு டிரைவருக்கு அதே அளவு, அதே ஓம்ஸ் உள்ள புதுசு வாங்கிவிடுவது மேல்.

போர்ட்டிலிருந்து 'புஸ் புஸ்' என்று காற்றுச் சத்தம் வந்தால் வால்யூம் அதன் சக்திக்கு மேல் போகிறது, குறையுங்கள். குறைந்த வால்யூமிலும் உள்ளே ஏதோ உருண்டால் டார்ச் அடித்துப் பாருங்கள். பிள்ளைகள் போட்ட கோலிக்குண்டும், எலி சேர்த்த துணிக் கிழிசலும் நான் எடுத்திருக்கிறேன்.

## அரை மணி ஓடி, தானாக நின்றுபோகிறது

சூடு. பின்பலகையைத் தொடுங்கள், கை வைக்க முடியாவிட்டால் பாதுகாப்பு சர்க்யூட் அணைத்திருக்கிறது. சப்பைச் சுவரிலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளி வையுங்கள், திரைத்துணி மூடாமல் பாருங்கள். சூடே இல்லாமல் நின்றால், சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் மட்டும் நடக்கிறதா என்று கவனியுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வகை சப்கள் 180 வோல்ட்டில் திணறும், ஸ்டெபிலைசர் போதும். இரண்டும் இல்லையென்றால் கடை.

ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது மட்டும் 'டப்' என்று ஒரு தட்டு வருவது தனி விஷயம். ஒரே லைனில் இருப்பதால் வருவது, பாயிண்டை மாற்றுங்கள்.

## ஆன் செய்ததும் கோன் ஒரு பக்கம் தள்ளி அப்படியே நிற்கிறது, அல்லது கருகல் வாசம்

யோசிக்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள். ஆம்பின் அவுட்புட் ஷார்ட் ஆகி டிசி நேராக டிரைவருக்குப் போகிறது. சில நொடிகளில் வாய்ஸ் காயில் எரியும். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று போட்டவர்கள் ஆம்போடு டிரைவரையும் சேர்த்து மாற்றினார்கள். இடி மின்னலுக்குப் பிறகு இப்படி வரும் பெட்டிகள் அதிகம். மழை கறுத்தால் கரண்ட் பிளக்கோடு செட்டாப் பாக்ஸின் கோ-ஆக்சியல் ஒயரையும் கழற்றி வையுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

## எல்லாம் சரி, ஆனாலும் போதவில்லை

மேலே உள்ளவை எல்லாம் பார்த்த பிறகும் படத்தில் அதிர்வு போதவில்லை என்றால் மட்டும் பெரிய சப்பைப் பற்றி யோசியுங்கள்.

பெட்டியில் உள்ள வாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் தரும் உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்) மட்டும்தான் கணக்கு. 300 வாட்டிலிருந்து 600 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல், காதுக்குச் சின்ன வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தம் என்று காது உணர 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. 40 ஹெர்ட்ஸில் தரும் சத்தத்தையே 20-இல் தர, கோன் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். அதனால் வாட்டை விட டிரைவரின் அளவும், எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது என்பதும் முக்கியம். கதவு மூடிய 10-க்கு 12 அடி அறைக்கு நல்ல 10 அங்குலம் தாராளம். ஹால், டைனிங், சமையலறை மூன்றும் திறந்து ஒன்றாக இருந்தால் 12 அங்குலமும் திணறும். அங்கே ஒரு பெரிய சப்புக்குப் பதில் அதே மாதிரி இன்னொன்று வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். எதிரெதிர்ச் சுவரில் வைத்தால் சத்தமும் கூடும், சோபாவின் பள்ளமும் நிரம்பும்.

பழசு வாங்கப் போகிறீர்கள் என்றால் ஃபோனையும் அந்த ஹெட்ஃபோன் பின் கேபிளையும் எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் போடும் பாட்டில் எல்லாச் சப்பும் நன்றாகத்தான் இருக்கும். கேபிள் எதுவும் இல்லாமல் ஆன் செய்து உறுமலைக் கேளுங்கள். கோனை அழுத்தி உரசலைப் பாருங்கள். 20-இலிருந்து 100 வரை டோன் ஓட்டுங்கள். வால்யூம் குமிழை மெதுவாகத் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பின்பலகையைத் தொடுங்கள். அந்த அரை மணி நேரத்துக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்தப் பெட்டி வேண்டாம்.